முகல்-ஏ-ஆஸம்: திரையில் எழுந்த அரசவையும் அதன் மொழியும்

1960 ஆகஸ்டு 5 அன்று பம்பாய் மராத்தா மந்திர் திரையரங்கில் கே. ஆசிஃபின் ‘முகல்-ஏ-ஆஸம்’ வெளியிடப்பெற்றது. அக்பரின் மகன் சலீமுக்கும் அரண்மனை ஏவற்பெண் அனார்கலிக்கும் இடையே எழுந்த காதலையும், அதன் பொருட்டுத் தந்தையும் மகனும் போர்க்களத்தில் எதிர்நின்றதையும் கூறும் படம் இது. இதன் பெருஞ்செலவு, கண்ணாடி மாளிகை, போர்க்காட்சி ஆகியவற்றைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். இப்படம் இந்தி, தமிழ், ஆங்கிலம் என்னும் மூன்று மொழிகளில் உருவாகத் திட்டமிடப்பட்டது என்பதும், தமிழ் வடிவம் 1961-இல் ‘அக்பர்’ என்னும் பெயரில் வெளிவந்து தோல்வியுற்றது என்பதும், அத்தோல்விக்குப் பின் ஆங்கில வடிவம் கைவிடப்பட்டது என்பதும் மொழியியலாரின் கவனத்தை அவ்வளவாகப் பெறவில்லை. படத்திற்காகக் கட்டப்பட்டவற்றுள் மிகுந்த உழைப்பைக் கொண்டது அதன் வசன மொழியே. அரங்கமைப்பையும் உடையையும் மூன்று மொழிகளுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ள இயன்றது. மொழியை அவ்வாறு வைத்துக்கொள்ள இயலவில்லை. ஏன் இயலவில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

படம் உருவான வரலாறு

அனார்கலி கதையின் நவீன வடிவத்திற்கு மூலம் இம்தியாஸ் அலி தாஜ் 1922-இல் உருதுவில் இயற்றிய ‘அனார்கலி’ நாடகம். இக்கதைக்கு முகலாய வரலாற்று நூல்களில் சான்றில்லை. ஆங்கில வணிகர் வில்லியம் ஃபிஞ்ச் 1608-க்கும் 1611-க்கும் இடையே மேற்கொண்ட பயணத்தின் குறிப்புகளில், லாகூரில் உள்ள ஒரு கல்லறையைச் சுட்டி இதனையொத்த செய்தியொன்றைத் தருகிறார். அவர் ‘அனார்கலி’ என்னும் பெயரை ‘மாதுளை விதை’ என்னும் பொருள்பட ஆங்கிலப்படுத்தியிருப்பது நோக்கத்தக்கது. அனார் பாரசீகச் சொல்; கலி, மொட்டு எனப் பொருள்படும் இந்தோ-ஆரியச் சொல். இரு மொழிக் கலப்பால் அமைந்த தொகையின் பின்னுறுப்பை வணிகர் சரியாக உணரவில்லை. இக்கதையின் முதல் மொழிபெயர்ப்புப் பிழை திரைப்படத்திற்கு முந்நூற்றைம்பது ஆண்டுகள் முந்தியது எனலாம்.

தாஜின் நாடகம் விரைவில் திரைக்கு வந்தது. 1928-இல் மட்டும் இரு பேசாப் படங்கள் இதனைக் கையாண்டன. 1935-இல் ஒரு பேசும் படமும், 1953-இல் பீனா ராய் நடித்து வெற்றி பெற்ற படமும் இந்தியில் வெளிவந்தன. ஆசிஃப் தம் படத்தைத் திட்டமிட்டது 1944-இல். 1946-இல் பம்பாய் டாக்கீஸ் படப்பிடிப்பு நிலையத்தில் சந்திரமோகன் அக்பராகவும், சப்ரு சலீமாகவும், நர்கிஸ் அனார்கலியாகவும் நடிக்கப் பணி தொடங்கியது. மறு ஆண்டு நாடு பிரிவினையுற்றது. தயாரிப்பாளர் ஷிராஸ் அலி ஹக்கீம் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தார். 1949-இல் சந்திரமோகன் காலமானார். கட்டடத் தொழிலில் பெயர் பெற்ற ஷாபூர்ஜி பலோன்ஜி பொருளுதவி செய்ய முன்வந்த பின்னரே, 1950-களின் தொடக்கத்தில் பணி மீண்டும் தொடங்கிற்று. இம்முறை அக்பராகப் பிருதிவிராஜ் கபூரும், சலீமாகத் திலீப்குமாரும், அனார்கலியாக மதுபாலாவும், ஜோதாபாயாகத் துர்கா கோட்டேயும் நடித்தனர்.

இதன் பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. சுருங்கக் கூறல் போதும். உடைகள் தில்லித் தையற்காரர்களாலும், அணிகள் ஐதராபாத்துப் பொற்கொல்லர்களாலும், முடிகள் கோலாப்பூர்க் கைவினைஞர்களாலும், படைக்கலங்கள் இராசஸ்தானக் கொல்லர்களாலும், காலணிகள் ஆக்ராவிலும் செய்யப்பட்டன. லாகூர்க் கோட்டைக் கண்ணாடி மாளிகையை முன்மாதிரியாகக் கொண்டு மோகன் ஸ்டுடியோவில் எழுப்பிய அரங்கம் 150 அடி நீளமும் 80 அடி அகலமும் 35 அடி உயரமும் உடையது. அதனை அமைக்க இரண்டாண்டுகள் ஆயின. அதற்கு மட்டும் 15 லட்ச ரூபாய்க்கு மேல் செலவானதாகக் கூறுவர். பெல்ஜியக் கண்ணாடிகள் விளக்கொளியைத் திருப்பி வீசியதால் அவற்றின் மேல் மெல்லிய மெழுகு பூசி ஒளிப்பதிவாளர் ஆர்.டி. மாத்தூர் படமெடுத்தார். போர்க்காட்சியில் 2,000 ஒட்டகங்களும் 400 குதிரைகளும் 8,000 வீரர்களும் பங்கேற்றதாகவும், வீரர்களுட் பலர் இந்தியத் தரைப்படையினர் எனவும் குறிப்புகள் உள்ளன. படத்தின் மொத்தச் செலவு ஒரு கோடி ரூபாயைத் தாண்டியது. வண்ணப் படச்சுருள் கிடைக்கத் தொடங்கியபோது கண்ணாடி மாளிகைப் பாடலும் இறுதிப் பகுதியும் வண்ணத்தில் எடுக்கப்பட்டன. எஞ்சியவை கறுப்பு வெள்ளையிலேயே நின்றன.

பன்மொழித் திட்டம் இவற்றினும் துணிவு மிக்கது. ஒவ்வொரு காட்சியும் மூன்று மொழிகளுக்காக மும்முறை எடுக்கப்பட்டதாக அப்படத்தின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். இம்முறை இந்தியத் திரையுலகிற்குப் புதிதன்று. 1948-இல் ஜெமினியின் ‘சந்திரலேகா’ தமிழில் வெளிவந்த அதே ஆண்டில் இந்தியிலும் வெளிவந்து வடநாட்டில் பெருவெற்றி பெற்றது. சென்னையிலிருந்து வடக்கே சென்ற அப்படத்தில் ஆட்டமும் வாட்போரும் முரசு நடனமும் முதன்மை பெற்றன. பம்பாயிலிருந்து தெற்கே வந்த இப்படத்தில் முதன்மை பெற்றது பேச்சு. இவ்வேறுபாடு சிறிதன்று.

அக்பரின் அவையும் உருதுவும்

அக்பரின் அவையில் வழங்கிய மொழி எது? ஆட்சி மொழி பாரசீகம். 1582-இல் தோடர்மால் காலத்து ஆணையால் அது ஆட்சியின் கீழ்நிலை வரை பரவிற்று. அக்பரின் பாட்டனார் பாபர் தம் வரலாற்றை எழுதியது சகதாய்த் துருக்கி மொழியில். பேரனின் அவையோர் அதனைப் படித்தறிய, 1589-90-இல் அப்துர் ரகீம் கான்-இ-கானான் பாரசீகத்தில் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. அதே ரகீம் வட்டார மொழிகளில் ஈரடிப் பாக்களும் இயற்றியவர். மகாபாரதம் ‘ரஸ்ம்நாமா’வாகப் பாரசீகத்திற்குச் சென்றதும் இக்காலத்திலேயே. மொழிபெயர்ப்பையே அரசுப் பணியாகக் கொண்ட அவை அது. அந்தப்புரத்திலும் படைவீட்டிலும் துருக்கியும் இந்தவியும் கலந்து வழங்கின. ‘உருது’ என்னும் மொழிப்பெயரோ பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் நிலைபெற்றது. படத்தில் அக்பர் பேசும் செறிவான, பாரசீகமயமான உருதுநடை அவர் மறைந்து இரு நூற்றாண்டுகளுக்குப் பின் இலக்கணம் பெற்ற நடை.

எனவே மூலம் என நாம் கருதும் உருது வசனமே ஒரு மொழிபெயர்ப்பு. பாரசீக அவையை இருபதாம் நூற்றாண்டுச் செவிக்கு உணர்த்த உருதுவின் உயர்நடை பதிலியாக அமர்த்தப்பட்டது. பார்சி நாடக மேடையும், தாஜின் நாடகமும், முப்பதுகளிலிருந்து வெளிவந்த வரலாற்றுப் படங்களும் இப்பதிலியை மக்களுக்குப் பழக்கியிருந்தன. முகலாயர் இவ்வாறுதான் பேசியிருப்பர் என்னும் நம்பிக்கை அரங்கத்தில் பிறந்தது, ஆவணங்களில் பிறந்ததன்று. தமிழ் வசனம் எழுதுவோர் செய்ய வேண்டியிருந்தது பெயர்ப்பின் பெயர்ப்பாகும்.

படத்தின் மொழிக்கு இடப்பட்ட பெயரும் இங்குக் கருதத்தக்கது. அவ்வாண்டிற்கான தேசியத் திரைப்பட விருதுகளில் ‘முகல்-ஏ-ஆஸம்’ சிறந்த இந்திப் படமாகத் தேர்வு பெற்றது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை உருதுவை இந்தியினின்று வேறாகக் கொண்டிருந்தும், திரையுலகில் இரண்டும் ஒரு பெயருக்குள் அடங்கின. பிரிவினைக்குப் பின் வடநாட்டுப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் உருது இடமிழந்து வந்த அதே பத்தாண்டுகளில் இவ்வசனம் எழுதப்பட்டது. அதன் மிகையான செழுமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். தென்னாட்டிற்கு அப்படம் ‘இந்திப் பட’மாகவே வந்து சேர்ந்தது. மொழிச் சிக்கல் அரசியல் சூட்டோடு விவாதிக்கப்பட்ட காலத்தில், உருதுவுக்கும் இந்திக்கும் உள்ள வேறுபாட்டைத் திரையரங்கில் அமர்ந்து எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே இருந்திருப்பர்.

நால்வர் எழுதிய வசனம்

வசனம் எழுதியோர் நால்வர்: அமான், கமால் அம்ரோகி, வஜாகத் மிர்சா, எஹ்சான் ரிஸ்வி. நால்வரும் 1960-ஆம் ஆண்டுக்கான ஃபிலிம்ஃபேர் வசன விருதைப் பகிர்ந்துகொண்டனர். நால்வரின் கை பட்டும் நடை ஒன்றாய் ஒலிப்பது வியப்புக்குரியது. இவர்களுள் வஜாகத் மிர்சா, மறு ஆண்டு வெளிவந்த ‘கங்கா ஜமுனா’வில் அதே திலீப்குமாருக்கு அவதி வட்டார வழக்கில் வசனம் எழுதினார். அரசவை நடை இவர்களுக்கு இயல்பாய் வாய்த்ததன்று, தேர்ந்து கட்டப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இந்நடையின் உயிர் விளிச்சொற்களில் உள்ளது. பேரரசர் ‘ஸில்-ஏ-இலாஹி’, அதாவது இறைவனின் நிழல். இளவரசர் ‘சாஹிப்-ஏ-ஆலம்’, உலகின் தலைவர். தந்தை மகனை அன்போடு அழைப்பது ‘ஷேகு’. இப்பெயர் புனைவன்று, தந்தை தம்மைச் சலீம் என அழைத்ததில்லை, ஷேகு பாபா என்றே அழைத்தார் என ஜகாங்கீர் தம் வரலாற்றில் எழுதுகிறார். சலீம் சிஷ்தி என்னும் ஷேக்கின் ஆசியால் பிறந்த மகன் என்னும் நினைவு அப்பெயரில் உறைந்துள்ளது.

‘இறைவனின் நிழல்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது எளிது. ஆனால் தமிழில் ‘இறை’ என்பது அரசனையும் கடவுளையும் ஒருங்கே குறிக்கும் சொல். கோயில் அரண்மனையுமாகும். அரசனைத் திருமாலாகக் கண்ட மரபும் உண்டு. இசுலாமியக் கொள்கையின்படி அரசன் கடவுளாக மாட்டான். ஆதலின் நிழல் என்னும் அளவோடு நிற்றல் வேண்டும். அந்த எல்லைக்கோடு தமிழ்ச் சொல்லில் மறைந்துவிடுகிறது. ‘நிழல்’ என்பதும் தமிழில் வேறு திசையில் இயங்குகிறது. அரசன் நிழலாக இருப்பதில்லை. தன் வெண்கொற்றக் குடையால் குடிகளுக்கு நிழல் தருகிறான். கேட்போர் மனத்தில் குடைநிழல் தோன்றுமாயின் பொருள் கெடாது என வாதிடலாம். ஆனால் படத்தில் அச்சொல் எழுப்பும் அச்சம் குடைநிழலில் இல்லை.

‘கனீஸ்’ என்னும் சொல் இதனினும் கடினமானது. கதையின் முரண் முழுவதும் இச்சொல்லில் தங்கியுள்ளது: ஒரு கனீஸ் இந்துஸ்தானத்தின் அரசியாகலாமா என்பதே வழக்கு. விலைக்கு வாங்கப்பட்ட பெண் என்பது அதன் பொருள். உயர்குடிப் பெண் தன்னைப் பணிவோடு குறிப்பிட வழங்குவதும் அதுவே. ‘தாசி’ என்றால் தேவதாசி முறையை ஒழித்த 1947-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தை அடுத்து அச்சொல் பெற்ற இழிபொருள் முன்னே வந்து நிற்கும். ‘சேடி’, ‘தோழி’ ஆகியன அகப்பாடலின் மென்மை உடையன. அடிமைத்தனம் அவற்றில் இல்லை. ‘பணிப்பெண்’ கூலி பெறுபவள். ‘அடியாள்’ பொருளால் மிக நெருங்கியது. ஆனால் இக்காலத் தமிழில் அடியாள் யார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தன்மைப் பன்மை பற்றியும் ஒரு சொல். அக்பரும் சலீமும் தம்மை ‘ஹம்’ எனக் குறிப்பர். உருதுவின் ‘ஹம்’ முன்னிலையாரை உளப்படுத்துவதா இல்லையா என்பதைக் காட்டுவதில்லை. தமிழில் அவ்வேறுபாடு கட்டாயமானது. அரசத் தன்மையைக் குறிக்கத் தமிழில் ‘நாம்’ உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் முதலாம் இராசராசன் தன்னை அவ்வாறே சுட்டுகிறான். ஆனால் சலீம் அனார்கலியிடம் ‘ஹம்’ எனும்போது அது இளவரசனின் மதிப்புப் பன்மையா, காதலர் இருவரையும் சேர்த்ததா என்பதை உருது திறந்தே விடுகிறது. தமிழ்ப் படுத்துவோர் ‘நாம்’ என்றால் இருவரும் சேர்ந்து விடுவர். ‘நான்’ என்றால் இளவரசன் மறைந்து விடுவான்.

தமிழ் அறிந்த பாரசீகம்

தமிழில் பாரசீக, அரபுச் சொற்கள் இல்லை என்பதன்று சிக்கல். ஏராளமாக உள்ளன. செஞ்சியை முகலாயர் 1698-இல் கைப்பற்றியது முதல், ஆர்க்காட்டு நவாபுகள் காலம் வழியாக, கும்பினியார் வருவாய்த்துறை வரை இச்சொற்கள் தொடர்ந்து புகுந்தன. மராத்தி வழியாகத் தஞ்சைக்கு வந்தவையும் பல. வசூல், பாக்கி, ஜப்தி, ரத்து, அசல், நகல், தாசில்தார், ஜமாபந்தி, வக்கீல், ஜாமீன், ஆஜர், ராஜினாமா என அவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். இவை அனைத்தும் ஒரு வாசல் வழியாகவே தமிழுக்குள் வந்தன. அது கச்சேரி வாசல். பாட்டுக் கச்சேரி அன்று, தாலுகாக் கச்சேரி.

ஒரே சொல் இரு மொழியிலும் எவ்வாறு பிரிந்தது என்பதற்குச் சில சான்றுகளைக் காணலாம். உருதுவில் ‘ஃபர்யாத்’ நெஞ்சின் ஓலம். காதலன் வானத்தை நோக்கி எழுப்புவதும், ஏழை அரசன் வாயிலில் எழுப்புவதும் அதுவே. தமிழில் அது ‘பிராது’ ஆகிக் காவல் நிலையத்தில் எழுதித் தரப்படுகிறது. ‘ஷௌக்’ வேட்கை; தமிழில் ‘சோக்கு’ ஆகி, தலைவாரிச் சட்டை மடிப்புக் கலையாமல் திரிவோரைக் குறிக்கிறது. ‘ஹாஸிர்’ என அவையில் பணிந்து நிற்பவன், தமிழில் ‘ஆஜர்’ ஆகிறான்.

இவற்றுள் மிக இன்றியமையாதது ‘வாதா’. உருதுவில் அது வாக்குறுதி. காதல் மொழியின் நடுநாயகமான சொற்களுள் ஒன்று. தமிழில் அது ‘வாய்தா’. வரித் தவணை கட்டும் நாள், அல்லது வழக்கு ஒத்திவைக்கப்படும் நாள். இப்படத்தின் கதை முழுவதும் ஒரு வாக்குறுதியின் மேல் கட்டப்பட்டது. சலீம் பிறந்த செய்தியைக் கொணர்ந்த ஏவற்பெண்ணுக்கு அக்பர் தம் மோதிரத்தைத் தந்து, வேண்டுவதொன்றைத் தருவதாக வாக்களிக்கிறார். இறுதியில் அப்பெண்ணே அனார்கலியின் தாயாக வந்து மகளின் உயிரை வேண்ட, வாக்குத் தவறாத பேரரசர் அனார்கலியைச் சுரங்க வழியே இரகசியமாக வெளியேற்றுகிறார். இங்கே தமிழ் வசனத்தில் ‘வாய்தா’ எவ்வாற்றானும் நில்லாது. ‘வரம்’ என்றால் தசரதனும் கைகேயியும் அக்பரின் அவைக்குள் வந்துவிடுவர். ‘வாக்கு’ என்பது பொருந்தும். பொருந்தினும், முன்பு காதலர் தம்முள் பரிமாறிய சொல்லும் பேரரசர் தாயிடம் கூறிய சொல்லும் ஒரே களத்தைச் சேர்ந்தவை என்னும் உணர்வு தமிழில் தானாக எழுவதில்லை.

ஆக, உருதுவில் எச்சொற்கள் அவைக்குப் பொலிவு தந்தனவோ அவற்றின் உடன்பிறப்புகள் தமிழில் அமீனாவையும் முத்திரைத் தாளையும் நினைவூட்டுகின்றன. பாரசீகம் தமிழ்நாட்டிற்கு வந்தபோது கவிஞனாக வரவில்லை. வரி தண்டுபவனாக வந்தது. விதிவிலக்குகள் உண்டு. தர்பார், மகால், பேகம், சபாஷ் முதலியன தமிழிலும் ஓரளவு பொலிவுடன் விளங்குகின்றன. ‘பாதுஷா’வும் அவ்வரிசையில் சேர வேண்டியதே, ஆனால் இனிப்புக் கடைக்காரர் அச்சொல்லைத் தமதாக்கிக் கொண்டார்.

தமிழ்நாட்டு முசுலிம்களின் இலக்கிய மரபு வேறு வகையானது. ‘சீறாப்புராணம்’ போன்ற காப்பியங்களில் அரபு, பாரசீகச் சொற்கள் தமிழ் யாப்பிற்குள் இயல்பாக அமைந்தன. தேசிங்குராஜன் கதைப்பாடல் போன்றவற்றிலும் நவாபும் பாதுஷாவும் பேசுகின்றனர். தமிழில் முகலாயரைப் பேச வைக்க ஒரு முன்மாதிரி தேவைப்பட்டிருந்தால் அதனை இங்குத் தேடியிருக்கலாம். ஆனால் ஐம்பதுகளின் தமிழ்த் திரை வசனம் இம்மரபுகளிலிருந்து பிறந்ததன்று.

தமிழ்த் திரையின் அரசவை நடை

‘அக்பர்’ வந்து சேர்ந்த காலத்தில் தமிழ்த் திரைக்கு உருதுநடையினும் செறிவான அரசவை நடை ஒன்று இருந்தது. 1942-இல் ‘கண்ணகி’க்கு இளங்கோவன் எழுதிய வசனத்தில் அது தலையெடுத்தது. ‘மந்திரி குமாரி’ (1950), ‘மனோகரா’ (1954) ஆகியவற்றில் மு. கருணாநிதியின் கையில் அது எதுகை மோனையோடு கூடிய மேடை முழக்கமாயிற்று. 1959-இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வசனம் பட்டிதொட்டியெங்கும் மனப்பாடமாயிற்று. பார்வையாளர் வசனத்திற்காகவே படம் பார்த்த காலம் அது. இவ்வகையில் உருதுவுக்கும் தமிழுக்கும் இடையே வியத்தகு ஒப்புமை உண்டு: இரண்டிலும் அரசவை நடை என்பது பழமையை மீட்டெடுக்கும் விழைவிலிருந்து கட்டப்பட்டது.

எனினும் ஒப்புமையே தடையுமாயிற்று. இத்தமிழ் நடை அரசரை மட்டும் குறிக்கவில்லை. சேர சோழ பாண்டியரை, தமிழ் மண்ணை, தமிழ் என்னும் உணர்வைக் குறித்தது. அதனை அக்பரின் வாயில் வைத்தால் அவர் பாண்டியனாகிவிடுவார். அதற்கு முந்திய புராணப் படங்களின் வடமொழி கலந்த நடையில் வைத்தால் தசரதனாகிவிடுவார். இரண்டும் இன்றிப் பொதுப்பேச்சில் வைத்தால் பேரரசராக மாட்டார். நீதிக்காக மகனைத் துறக்கும் தந்தை தமிழருக்குப் புதியவரல்லர். மனுநீதிச் சோழனின் கதை பள்ளிப் பாடம். ஆனால் சோழன் மகனைத் தண்டித்தது ஒரு பசுவின் கன்றுக்காக. அக்பர் மகனுக்கு மரண தண்டனை விதிப்பது அரசின் மேலாண்மைக்காக. ‘இன்சாஃப்’ என்பதற்கு ‘நீதி’ எனச் சொன்னவுடன் சோழனின் தேர் மனக்கண்ணில் உருண்டுவருகிறது. அதனோடு ஒப்பிட்டால் அக்பர் சிறுமைப்படுகிறார். மூலத்தில் அவ்வொப்பீட்டிற்கு இடமே இல்லை.

உதடும் தொடரும்

திரைமொழிபெயர்ப்பில் நூல்மொழிபெயர்ப்புக்கு இல்லாத ஒரு கட்டுப்பாடு உண்டு: நடிகரின் வாய். தொடரமைப்பில் உருதுவும் தமிழும் நெருங்கியவை. இரண்டிலும் வினை இறுதியில் வருகிறது. ஆதலின் பிருதிவிராஜ் கபூர் கையை உயர்த்திக் குரலை இறக்கும் இடத்தில் தமிழிலும் வினைமுற்றே நிற்கும். ஆங்கிலத்தில் இவ்வசதி இல்லை. ஆனால் உருதுத் தொடர் பெரும்பாலும் ‘ஹை’ என்னும் குறுகிய திறந்த அசையில் முடிகிறது. தமிழில் பெயர்ப்பயனிலைத் தொடருக்கு அப்படியோர் இறுதிச்சொல் தேவையில்லை. வாய் அசையும், சொல் இராது.

பாரசீக இயைபொட்டான ‘-ஏ-’ மற்றொரு தடை. படத்தின் பெயரே அதனால் அமைந்தது: முதலில் பெயர், பின்னர் அடை. தமிழில் அடை முன்னேதான் வரும். ‘ஸில்-ஏ-இலாஹி’ என்பதில் நிழல் முதலில் தோன்றி, இறைவன் பின்னால் வெளிப்படுகிறார். தமிழில் அவ்வரிசை தலைகீழாகிறது. ‘முகல்-ஏ-ஆஸம்’ என்பதைப் பொருள் மாறாமல் ‘மாமுகலாயன்’ எனலாம். சுவரொட்டியில் அது எடுபடாது. ‘அக்பர்’ எனப் பெயரிட்டது நடைமுறை அறிவுக்கு உகந்த முடிவே. இதில் ஒரு நுட்பமும் உள்ளது. ‘அக்பர்’ என்னும் அரபுச் சொல்லின் பொருளும் ‘மிகப் பெரியவர்’ என்பதே. அடை பெயராகிவிட்டது, பொருள் மட்டும் மறைந்துவிட்டது.

படத்தில் வரும் ‘தக்லியா’ என்னும் ஒற்றைச்சொல் ஆணை இவ்விரு கட்டுப்பாடுகளும் சந்திக்கும் இடம். தனிமைப்படுத்துதல் என்னும் பொருளுடைய அரபுப் பெயர்ச்சொல் அது. பேரரசர் அதனை உரைத்தவுடன் அவை கலைகிறது. ஒரு பெயர்ச்சொல்லே ஏவலாகச் செயற்படுகிறது. ‘எல்லோரும் செல்லலாம்’ என்றால் நீளம் மிகும். அன்றியும் இறுதி மகரத்தில் உதடுகள் மூட, திரையில் பிருதிவிராஜின் வாய் ஆகாரத்தில் திறந்து நிற்கும். ‘செல்லுங்கள்’ மரியாதையால் ஆணையைக் கெடுக்கும். ‘தனிமை’ எனப் பெயர்ச்சொல்லாலேயே பெயர்த்தால் யாருக்கும் விளங்காது. பழந்தமிழின் வியங்கோள் இங்கே கைகொடுக்கும். ‘அகல்க’ என்பது மூன்றசை, உயிரில் முடிவது, உதடு மூடாதது, வேண்டுதலுக்கும் விதித்தலுக்கும் இடைப்பட்ட உயர்வும் உடையது. வழக்கொழிந்த இலக்கண வடிவங்கள் ஒலிமாற்றுக்காரருக்குப் பயன்படும் என்பதை இலக்கண ஆசிரியர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

பாடல்கள்

ஷகீல் பதாயூனி இயற்ற, நௌஷாத் இசையமைத்த பாடல்களும் ஒருமொழித்தன்மை உடையன அல்ல. கிருஷ்ண ஜன்மாஷ்டமிக் காட்சிப் பாடல் பிரஜ் மொழிச் சாயல் உடையது. ஜோதாபாயின் வழிபாட்டுலகம் அதனால் அவையின் உருதுவிலிருந்து பிரித்துக் காட்டப்படுகிறது. தமிழில் இதற்கு இணையாக ஆண்டாள் மரபையோ பதங்களின் மொழியையோ கொள்ளலாம். அனார்கலிக்கும் பகாருக்கும் இடையே நிகழும் கவ்வாலிப் போட்டிக்கு நேரிணை தமிழில் இல்லை எனப் பலரும் கருதக்கூடும். தஞ்சைப் பகுதியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு பிரிவாய் நின்று பாடும் லாவணி மிக நெருங்கிய வடிவம். அதுவும் மராத்தியர் வழி வந்தது. தமிழ்ப் பாடல்களைக் கம்பதாசன் எழுத, பி. சுசீலா பாடினார். 1956-இல் நௌஷாத் இசையமைப்பில் வெளிவந்த ‘வான ரதம்’ தமிழ்ப் பாடல்களுக்கும் கம்பதாசனே சொல் தந்தார். ஆனால் அவற்றை லதா மங்கேஷ்கர் தமிழிலேயே பாடினார். ஐந்தாண்டுகளுக்குள் குரலும் தமிழ்க்குரலாக மாறியது மொழிமாற்று முறையில் ஏற்பட்ட ஒரு முதிர்ச்சியைக் காட்டுகிறது. பாடல்கள் வசனத்தினும் நன்கு தமிழாக வாய்ப்புடையன. மெட்டு ஓரளவு சுமையைத் தாங்கிக்கொள்ளும்.

‘அக்பர்’ தோல்விக்கு மொழியை மட்டும் காரணம் கூறுதல் முறையாகாது. மூலம் 197 நிமிடம் ஓடுவது. நாகேஸ்வர ராவும் அஞ்சலிதேவியும் நடித்த தெலுங்கு ‘அனார்கலி’ 1955-லேயே தமிழிலும் வெளிவந்து, இக்கதையை எளிய இசைக்காதற்கதையாகத் தமிழருக்கு அறிமுகப்படுத்தியிருந்தது. அதில் அக்பராக எஸ்.வி. ரங்காராவ் தோன்றினார். தென்னக மேடைமரபில் வளர்ந்த உடல்மொழியும், காதலைச் சுற்றியே அமைந்த எளிய கதைப்போக்கும் அப்படத்திற்குத் துணை நின்றன. அவையின் சொல்லாட்சியைப் பெயர்க்கும் பொறுப்பு அதற்கு அவ்வளவாக இல்லை. ‘முகல்-ஏ-ஆஸம்’ காதலை அவையின் சொற்களாலேயே கூறிய படம்; அச்சொற்களை நீக்கினால் எஞ்சுவது 1955-இல் பார்த்த கதை.

பின்னாளில் இப்படத்தைப் புதுப்பித்தோர் மொழியைத் தொடவில்லை. 2004 நவம்பரில் முழுவதும் வண்ணமேற்றப்பெற்று மீண்டும் வெளிவந்தபோது உருது வசனம் அவ்வாறே நின்றது. 2006-இல் அது பாகிஸ்தானத் திரையரங்குகளுக்குச் சென்றது. ஷிராஸ் அலி ஹக்கீம் குடிபெயர்ந்த அந்நாட்டில் அதற்கு மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை. 2016-இல் ஃபெரோஸ் அப்பாஸ் கான் இதனை மும்பையில் இசை நாடகமாக மேடையேற்றினார். ஆசிஃப் கைவிட்ட ஆங்கிலம் அங்கே திரும்பி வந்தது: மேடையின் ஓரத் திரைகளில் எழுத்தாக. நடிகர் உருதுவிலேயே பேசினர்.